முதல் இன்னிங்ஸா, ஒன்பதாவதா?

எங்கள் வீட்டில் அரசியல் பேசினால்கூடச் சண்டை வராது. ஜோபா சேம்பர்லெய்ன் என்ற பேஸ்பால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) பெயரை எடுத்தால் வந்துவிடும். நான் நியூ ஜெர்சி, நியூயார்க் யாங்கீஸ் கட்சி. தம்பி பாஸ்டனுக்கு வேலைக்குப் போன சூட்டோடு அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸ் கட்சியில் சேர்ந்துவிட்டான். மற்ற விஷயங்களில் அக்கா சொன்னால் கேட்கிற பிள்ளைதான். ஒரு பிட்சரை ஸ்டார்ட்டராக வைப்பதா, ரிலீவராக வைப்பதா என்று பேச்சு வந்தால் மட்டும் போனில் குரல் ஏறும். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசுபவர் ஸ்டார்ட்டர். அவருக்குப் பிறகு வருபவர்கள் எல்லாரும் ரிலீவர்கள். அவர்களில் கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காப்பாற்றுபவர் குளோசர், அப்படிக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு "சேவ்". ஸ்டார்ட்டர் ஐந்து நாளைக்கு ஒரு முறை 90, 100 பந்து வீசிவிட்டு ஓய்வெடுப்பார். ரிலீவர் வாரத்தில் மூன்று நாள் வருவார், பதினைந்து இருபது பந்தோடு அன்றைய வேலை முடிந்துவிடும். புதுப்பந்து வீசுபவர், கடைசி ஓவர் வீசுபவர் என்று கிரிக்கெட் கணக்கில் புரிந்துகொள்ளலாம்தான். ஆனால் பும்ராவை இரண்டு ஓவரோடு நிறுத்தி, பதினெட்டாவது ஓவரில் திரும்பக் கூப்பிட முடியும். பேஸ்பாலில் பிட்சரை வெளியே அனுப்பினால் அனுப்பியதுதான், அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. அதனால்தான் நல்ல பிட்சர் ஒருவர் கையில் கிடைத்ததும், அவரை ஆட்டத்தின் எந்தப் பக்கம் வைப்பது என்று இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்.

பிட்சரின் திறமையை அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம் என்று எல்லா அணிகளும் சொல்லும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அன்றைக்கு அணியில் யார் இல்லை என்பதுதான் முடிவெடுத்திருக்கிறது.

டேவ் ரிகெட்டியைப் பாருங்கள். 1983 ஜூலை 4 அன்று யாங்கீஸுக்காக நோ-ஹிட்டர் வீசினார், ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். யாருக்கு எதிராக என்றால் ரெட் சாக்ஸுக்கு எதிராக. (இதைத் தம்பியிடம் ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று தவறாமல் சொல்லிவிடுவேன்.) அப்படிப்பட்ட ஸ்டார்ட்டரை அடுத்த ஆண்டே குளோசராக்கினார்கள். அவர் தோளில் கோளாறா? இல்லை. பந்து சரியில்லையா? அதுவும் இல்லை. குளோசராக இருந்த கூஸ் காசேஜ் சான் டியேகோவுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ரிகெட்டி 1986-இல் 46 சேவ் எடுத்து அப்போதைய சாதனையையே முறியடித்தார். முடிவு சரிதான் என்று இதை வைத்துச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் ஸ்டார்ட்டராக அவர் என்ன ஆகியிருப்பார் என்பது எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் கிடைக்காதே.

அந்த காசேஜுக்கே இது மறுபக்கமாக நடந்திருக்கிறது. 1975-இல் ஷிகாகோ ஒயிட் சாக்ஸின் ரிலீவராக அமெரிக்கன் லீகிலேயே அதிக சேவ் எடுத்தவர். 1976-இல் புதிய மேனேஜர் அவரை ஸ்டார்ட்டராக்கினார். 9 வெற்றி, 17 தோல்வி. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் போய் மறுபடி ரிலீவரானார், கடைசியில் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார்.

அரோல்டிஸ் சாப்மன் கதை இன்னும் தெளிவு. 2010-இல் மணிக்கு 105 மைல் வேகத்தில் பந்து வீசி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர். 2012 வசந்தகாலப் பயிற்சியில் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை ஸ்டார்ட்டராகத் தயார் செய்துகொண்டிருந்தது. குளோசராக வாங்கி வைத்திருந்த ரயன் மேட்சனுக்கு முழங்கை போனது. சாப்மன் ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்குப் போனார். அந்த ஆண்டு 38 சேவ். அடுத்த வசந்தத்தில் ஸ்டார்ட்டர் பேச்சு இன்னொரு முறை எழுந்து, அதோடு கரைந்துவிட்டது. வேறொருவரின் முழங்கை ஒருவருடைய மொத்த வாழ்க்கையையும் தீர்மானித்துவிட்டது.

டென்னிஸ் எக்கர்ஸ்லி, எல்லாரும் எடுத்துக்காட்டும் பெயர். 1977-இல் கிளீவ்லாந்துக்காக நோ-ஹிட்டர், 1978-இல் பாஸ்டனில் 20 வெற்றி. 1987-இல் ஓக்லாந்துக்கு வந்தபோது ஸ்டார்ட்டராக அவர் காலம் முடிந்துகொண்டிருந்தது. அங்கும் குளோசர் ஜே ஹவல் காயப்பட்டதால்தான் அந்த வேலை இவர் கைக்கு வந்தது. 1992-இல் 51 சேவ், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது இரண்டும். மேனேஜர் டோனி லா ரூசாவின் மேதைமை என்று இதைச் சொல்வார்கள். மேதைமை இருந்தது, மறுக்கவில்லை. ஹவலின் கை நன்றாக இருந்திருந்தால் அந்த மேதைமைக்கு வேலை வந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

சரி, ஜோபாவுக்கு வருகிறேன்.

2007 ஆகஸ்ட். ஒன்பதாவது இன்னிங்ஸை மரியானோ ரிவேரா பார்த்துக்கொள்வார். எட்டாவதை வீச யாங்கீஸிடம் நம்பகமான ஆள் இல்லை. கீழ்நிலையான மைனர் லீகில் ஸ்டார்ட்டராக வளர்ந்துகொண்டிருந்த 21 வயதுப் பையனை மேலே கூப்பிட்டார்கள். 19 ஆட்டம், 24 இன்னிங்ஸ், 34 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே ஆகும் அவுட்), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 0.38. ஃபாஸ்ட்பால் நூறு மைலைத் தொடும். அதைக் காத்துக்கொண்டு நிற்பவனிடம் வளைந்து போகும் ஸ்லைடர் வரும், பேட் காற்றில் போய்விடும். உடனே ஒரு சுற்று சுற்றி, முஷ்டியை மடக்கி ஓர் உறுமல். ஸ்டேடியம் எழுந்து நிற்கும். அவருக்காகவே "ஜோபா விதிகள்" என்று தனியாக எழுதினார்கள்: தொடர்ந்து இரண்டு நாள் வீசக்கூடாது, ஓர் இன்னிங்ஸ் வீசினால் ஒரு நாள் ஓய்வு, இரண்டு வீசினால் இரண்டு நாள்.

அந்த அக்டோபரில், கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் நடக்கும் மாதத்தில், கிளீவ்லாந்தில் பூச்சிகள் வந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 5-ஆம் தேதி, எட்டாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 1-0 முன்னிலை. ஏரியிலிருந்து கொசு மாதிரியான பூச்சிக் கூட்டம் கிளம்பி விளக்கு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஜோபாவின் கழுத்து, காது, முகம் முழுக்கப் பூச்சி. வியர்வையில் ஒட்டிக்கொண்டு நகர்வது டிவியிலேயே தெரிந்தது. பூச்சி மருந்தை எடுத்துவந்து அடித்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாக ஒட்டியது போலத்தான் எனக்குத் தோன்றியது. பந்து கேட்சருக்கு எட்டாமல் போனது, ரன் வந்தது, ஆட்டம் சமன். பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸ் தோற்றது. அடுத்த நாள் பேச்சு முழுக்கப் பூச்சியைப் பற்றித்தான், ஆட்டத்தை ஏன் நிறுத்தவில்லை என்றுதான். ஜோபா ரிலீவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. 24 இன்னிங்ஸ் அவ்வளவு ஆழமாக மனதில் பதிந்துவிட்டது.

2008 ஜூனில் அவரை ஸ்டார்ட்டராக்கினார்கள். இந்த இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: 12 ஆட்டம் ஸ்டார்ட்டராக வீசினார், ஈ.ஆர்.ஏ. 2.76. மோசமா? எந்த அணியும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் எண் அது. ஆகஸ்டில் டெக்சஸில் தோள் போனது. 2009-இல் 31 ஆட்டம் ஸ்டார்ட்டர், ஈ.ஆர்.ஏ. 4.75. அதிலும் சீசனின் கடைசிப் பகுதியில் இன்னிங்ஸ் வரம்பு என்று சொல்லி மூன்று இன்னிங்ஸில் வெளியே எடுப்பது, இடைவெளி விட்டு வீசச் சொல்வது என்று அவரைப் படுத்திவைத்தார்கள். அக்டோபர் வந்ததும் திரும்ப ரிலீவர். 2010-இல் நிரந்தரமாக புல்பென். 2011-இல் முழங்கை அறுவை.

"அக்கா, 4.75. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?" என்பான் தம்பி.

எனக்கு வேண்டிய சாட்சி அதே அணியில், அதே சமயத்தில் இருந்த ஃபில் ஹியூஸ். அவரையும் 2009-இல் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போட்டார்கள், பிரமாதமாக வீசினார். அவரையும் "இவன் ரிலீவர்தான்" என்று சொல்லியிருக்கலாம். 2010-இல் ஐந்தாவது ஸ்டார்ட்டர் இடத்துக்கு ஜோபாவோடு போட்டி. ஹியூஸ் ஜெயித்தார், அந்த ஆண்டு 18 வெற்றி எடுத்தார், ஆல்-ஸ்டார் ஆனார். புல்பென்னில் நன்றாக வீசியது இரண்டு பேரும். ஒருவருக்கு அது பயிற்சிக்கூடம், இன்னொருவருக்கு அது தீர்ப்பு.

புல்பென்னில் நன்றாக வீசுவதை வைத்து ஒருவரை ரிலீவர் என்று முத்திரை குத்தாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் எளிது: புல்பென்னில் கிட்டத்தட்ட எல்லாருமே நன்றாக வீசுவார்கள். பதினைந்து பந்துதான் என்று தெரிந்தால் யாரும் எதையும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். வேகம் ஒரு மைல், இரண்டு மைல் கூடும். கைவசம் இருக்கும் மோசமான மூன்றாவது பந்துவகையைத் தொடவே வேண்டாம், நல்ல இரண்டை மட்டும் வீசலாம். எதிரே வருகிற பேட்டர் அன்றைக்கு உங்களை ஒரு முறைதான் பார்ப்பார். ஒரே ஆள் ஸ்டார்ட்டராக இருப்பதைவிட ரிலீவராக இருக்கும்போது ஈ.ஆர்.ஏ. ஏறக்குறைய ஒரு ரன் குறையும் என்பது புள்ளிவிவரக்காரர்கள் வெகுநாளாகச் சொல்லிவருவது. ஆகவே ஸ்டார்ட்டராக 3.80 வைத்திருப்பவரும் ரிலீவராக 2.80 வைத்திருப்பவரும் ஏறத்தாழ ஒரே தரம். இதைச் சொன்னால் தம்பி நம்பமாட்டான். 2.80 என்றால் 2.80தானே என்பான்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு நல்ல ஸ்டார்ட்டர் ஆண்டுக்கு 180 இன்னிங்ஸ் தருவார். நல்ல குளோசர் 65. குளோசர் வீசுவது நெருக்கடியான இன்னிங்ஸ், அதனால் ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணு என்றால், சரி, எண்ணுகிறேன், 130 வருகிறது. இன்னும் 50 குறைகிறது. சம்பளம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸ் 2022-இல் எட்வின் டயஸுக்கு ஐந்து ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தபோது, ஒரு ரிலீவருக்குப் பத்துக் கோடியா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதற்கு முன் எந்த ரிலீவரும் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் யோஷினோபு யமமோட்டோ என்ற ஸ்டார்ட்டருக்கு, அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாத நிலையில், 12 ஆண்டுக்கு 32.5 கோடி கொடுத்தது.

தம்பியின் பலமான வாதம் மூன்றாம் சுற்று. பேட்டர்கள் ஒன்பது பேர் வரிசையாக வருவார்கள். முதல் சுற்றில் பிட்சர் கை ஓங்கியிருக்கும். இரண்டாவது சுற்றில் பந்து எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது, ஸ்லைடர் எப்போது வளைகிறது என்று அவர்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். மூன்றாவது சுற்றில் அடி விழும். சராசரியாகப் பார்த்தால் இது உண்மை, மறுக்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் ஸ்டார்ட்டர்களே சராசரியாக ஐந்து இன்னிங்ஸைச் சற்றுத் தாண்டித்தான் வீசுகிறார்கள். டாம்பா பே ரேஸ் இதில் எல்லாரையும்விட ஒரு படி மேலே போய், 2018 மே 19 அன்று செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை முதல் இன்னிங்ஸ் வீச வைத்தது. எதிரணியின் முதல் மூன்று பேரையும் அவர் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மறுநாளும் அவரேதான் ஆரம்பித்தார். "ஓப்பனர்" என்று பெயர் வைத்தார்கள். ஸ்டார்ட்டர், ரிலீவர் என்ற பிரிவையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று அப்போது பலர் எழுதினார்கள்.

அதே ரேஸ், 2020 உலகத் தொடர் (கோப்பைக்கான இறுதித் தொடர்), ஆறாவது ஆட்டம். பிளேக் ஸ்னெல் வீசுகிறார். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் ஆகியிருக்கிறது, ரேஸ் 1-0 முன்னிலை. அதுவரை 73 பந்து, 9 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பதாவது பேட்டர் ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்து மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர், மூன்றாம் சுற்று. மூன்று பேரும் அன்றைக்கு ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை வந்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள். மேனேஜர் கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஸ்னெல்லின் முகம் மாறியதை டிவியில் பார்த்தோம். வாயசைவைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவர் என்ன சொன்னார் என்று புரிந்திருக்கும். நிக் ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் டபுள் அடித்தார், ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போனது, இரண்டு ரன். டாட்ஜர்ஸ் 3-1 என்று ஜெயித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

மூன்றாம் சுற்றுக் கணக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. கணக்கு எல்லாருக்குமான சராசரி. அன்றைக்கு நின்றுகொண்டிருந்தவர் ஸ்னெல். புல்பென்னிலிருந்து வந்தவரோ அந்த அக்டோபர் முழுக்க ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். மூன்றாம் சுற்றில் ஸ்டார்ட்டர் சராசரியாக எவ்வளவு சறுக்குவார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அவருக்குப் பதில் யார் வரப்போகிறார், எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ரிலீவராகவே பிறந்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ரிவேராவைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? 1995-இல் பத்து ஆட்டம் ஸ்டார்ட்டராக வீசினார், அந்த ஆண்டு ஈ.ஆர்.ஏ. 5.51. நடுவில் ஷிகாகோவில் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த ஒரு நாளும் உண்டு. 1996-இல் ரிலீவர், 1997-இல் குளோசர், அந்த ஆண்டுதான் சக வீரரோடு பந்தைப் பிடித்து எறிந்து விளையாடும்போது, கடைசி நொடியில் விலகிப் போகும் அந்த கட்டர் கைக்கு வந்தது. ஒரே பந்து. எல்லாருக்கும் அது வரப்போகிறது என்று தெரியும், 652 சேவ் வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே பந்தை வைத்து ஓர் ஆட்டத்தில் இருபத்தேழு பேரைச் சமாளிக்கச் சொல்ல நானும் மாட்டேன். வேட் டேவிஸ் 2013-இல் பெரும்பாலும் ஸ்டார்ட்டராக வீசி 5.32, 2014-இல் ரிலீவராக 1.00. ஆண்ட்ரூ மில்லர், எரிக் கான்யே, பெரிய ரிலீவர்கள் பலரும் ஸ்டார்ட்டராகத் தோற்றுப் போனவர்கள்தான். கவனியுங்கள், *முயன்று* தோற்றவர்கள். அந்த முயற்சி நடந்தது என்பதுதான் முக்கியம்.

பாஸ்டன்காரனிடம் இதைச் சொன்னால் உடனே டேனியல் பார்டைத் தூக்கிக்கொண்டு வருவான். 2010-இல் ரெட் சாக்ஸ் புல்பென்னில் 1.93. 2012-இல் ஸ்டார்ட்டராக்கினார்கள். பந்து எங்கே போகிறது என்றே தெரியாமல் போய்விட்டது. சுமார் 59 இன்னிங்ஸில் 43 வாக் (நான்கு தப்பான பந்து வீசி பேட்டரைச் சும்மா பேஸுக்கு அனுப்புவது). மேஜர் லீகில் ஒரு நிலையான இடம் கிடைக்க 2020 வரை ஆயிற்று. இடையில் ஓய்வே அறிவித்துவிட்டார். கொலராடோ அணியில் மறுபடி வீச வந்தது தனிக்கதை, அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு சொல்லியே ஒருத்தனை எட்டு வருஷம் காணாம அடிச்சாங்க அக்கா" என்பான். அதில் நியாயம் இருக்கிறது. பார்ட் ஏற்கெனவே 2007-இல் மைனர் லீகில் ஸ்டார்ட்டராக வீசி, அப்போதும் இதே போல் பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் திண்டாடியவர். புல்பென்தான் அவரை அதிலிருந்து மீட்டது. பதில் கிடைத்துவிட்ட கேள்வியை அணி மறுபடி கேட்டது. ஜோபா விஷயத்தில் பதில் கிடைப்பதற்குள்ளேயே கேள்வியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டும் வேறு வேறு தப்பு.

ஒரு கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? ஜான் ஸ்மோல்ட்ஸ் 1996-இல் அட்லாண்டாவுக்காக சை யங் வாங்கிய ஸ்டார்ட்டர். முழங்கை அறுவைக்குப் பிறகு குளோசராகி, 2002-இல் 55 சேவ். 2005-இல் அவரே கேட்டுத் திரும்ப ஸ்டார்ட்டரானார். சீசனின் முதல் நாள், இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்கவில்லை, வரிசையாக அடி. முப்பத்தேழு வயதில் இந்த ஆசை தேவையா என்ற பேச்சு அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆட்டம் மெட்ஸோடு, எதிரே பெட்ரோ மார்ட்டினெஸ். ஸ்மோல்ட்ஸ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். (தோற்றும் போனார், பேஸ்பால் அப்படித்தான்.) 2006-இல் லீகிலேயே அதிக வெற்றி எடுத்தவர்களில் ஒருவராக நின்றார். 200 வெற்றியும் 150 சேவும் எடுத்த ஒரே ஆள் இன்றுவரை அவர்தான்.

நான் ஆட்டம் பார்க்கும்போது ரேடார் எண்ணை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில், எழுபது பந்து தாண்டிய பிறகு, பிட்சரின் கை எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். களைத்தவர்களுக்குக் கை மெல்ல இறங்கும், ஸ்லைடர் வளையாமல் தட்டையாக நடுவில் வந்து நிற்கும். அப்புறம் கேட்சரின் கையுறை. அவர் வெளிப்பக்க மூலையில் கையை நீட்டிக் காட்டியிருப்பார், பந்து உள்பக்கம் வந்து மொத்த உடம்பையும் குறுக்கே இழுத்துப் பிடிப்பார். ஒருமுறை என்றால் பரவாயில்லை. ஒரே இன்னிங்ஸில் மூன்று நான்கு முறை நடந்தால் அந்த ஆளுக்குத் தன் உடம்பை ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப இயக்க வரவில்லை என்று அர்த்தம். அது இருபது பந்தில் தெரியாது, எண்பதில் தெரிந்துவிடும். வலக்கைக்காரர் என்றால், இடக்கை பேட்டர் வரும்போது அவரிடம் வீச என்ன இருக்கிறது? வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் ஒரு சுமாரான சேஞ்ச்அப் இருந்தால்கூடப் போதும், நான் ஸ்டார்ட்டர் பக்கம் ஓட்டுப் போட்டுவிடுவேன். எதுவுமே இல்லை என்றால் தம்பி ஜெயித்தான்.

வீசுபவர் என்ன விரும்புகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது லேசான விஷயமல்ல. 2007 வசந்தத்தில் ஜொனதன் பாப்பல்பானை ஸ்டார்ட்டராக்க ரெட் சாக்ஸ் முடிவு செய்திருந்தது. பாப்பல்பான் தானே போய் எனக்குக் குளோசர் வேலைதான் வேண்டும் என்றார். விட்டுக்கொடுத்தார்கள், அந்த ஆண்டு கோப்பையின் கடைசி அவுட்டை எடுத்தவர் அவர்தான். இன்னொரு பக்கம் கேரட் க்ரோஷே. ஒயிட் சாக்ஸ் புல்பென்னில் இருந்தவர், முழங்கை அறுவை முடிந்து வந்து, நான் ஸ்டார்ட்டராக வேண்டும் என்று கேட்டார். அணி அப்போது படுகுழியில் இருந்தது. 2024-இல் 121 தோல்வி. இழக்க எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் இப்படித் துணிச்சல் வரும் போலிருக்கிறது. மேஜர் லீகில் அவர் ஸ்டார்ட்டராக வீசிய முதல் ஆட்டமே சீசனின் முதல் ஆட்டம். ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன், எட்டு ஸ்ட்ரைக் அவுட். 0-1 என்று தோற்றார்கள், அது வேறு. ஆண்டின் பிற்பாதியில் கையைக் காப்பாற்ற நான்கு இன்னிங்ஸுக்கு மேல் விடவில்லை. அப்படியும் 209 ஸ்ட்ரைக் அவுட். 2025-இல் பாஸ்டனுக்கு வந்து 205 இன்னிங்ஸ், 255 ஸ்ட்ரைக் அவுட்.

"பாத்தியா, எங்க ஆளு!" என்று ஒவ்வொரு ஐந்தாவது நாளும் தம்பியிடமிருந்து மெசேஜ் வரும். அவர் ஸ்டார்ட்டராக நிற்பதே என் கட்சியின் வெற்றி என்று பதில் போட்டால் மட்டும் இரண்டு நாளைக்குச் சத்தம் இருக்காது.

இப்போதைய சண்டை ரோக்கி சசாக்கி. ஜப்பானில் 2022-இல், இருபது வயதில், 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு ஒரு பெர்ஃபெக்ட் கேம். அதற்கு அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடவில்லை. 2025-இல் டாட்ஜர்ஸுக்கு வந்து எட்டு ஆட்டம் ஸ்டார்ட்டர், வேகம் குறைவு, வாக் அதிகம், தோள் வலி, பல மாத ஓய்வு. செப்டம்பர் கடைசியில் திரும்பி வந்தபோது புல்பென்னில் போட்டார்கள். ஏன் புல்பென்? டாட்ஜர்ஸிடம் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் இல்லை. பிளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேர் வந்து ஒன்பது பேரும் அவுட். வேகம் மறுபடி நூறை எட்டிப் பார்த்தது. நாடே குளோசர் என்று கூவியது. அடுத்த வாரமே மில்வாக்கியில் ஒன்பதாவது இன்னிங்ஸை முடிக்க முடியாமல் வெளியே போனார் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் டாட்ஜர்ஸ் அந்த எட்வின் டயஸையே வாங்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் வந்தாயிற்று, சசாக்கி மறுபடி ஸ்டார்ட்டர் ஆகிவிட்டார். யார் இல்லை என்பதை வைத்துப் போனவர், யார் வந்தார் என்பதை வைத்துத் திரும்பினார்.

ஃபாஸ்ட்பால், திடீரென்று கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டர், இரண்டே பந்துதான் இருக்கிறது, மூன்றாவது வராவிட்டால் ஜூலைக்குள் புல்பென்தான் என்கிறான் தம்பி. ஒரு முழு சீசன் விட்டுவிட்டு அப்புறம் பேசு என்கிறேன் நான். பந்தயம் வேறு கட்டியிருக்கிறோம். நான் தோற்றால் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு ரெட் சாக்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு போக வேண்டும்; அவன் தோற்றால் ரிகெட்டி ஜெர்சி, அதுவும் ஜூலை 4 அன்று, ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் வருகிற பார்பிக்யூவில்.